சமாதானக் கூட்டம் என்னும் மிரட்டல்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை யாரும் தடை செய்யவில்லை என்கிறார் சென்ற இதழில் எழுதியிருக்கும் கட்டுரையாளர். அரசாணை கிடையாது, பறிமுதல் கிடையாது, கைது கிடையாது. ஊரில் பதற்றம் இருந்தது, அதிகாரிகள் கூப்பிட்டுப் பேசினார்கள், எழுத்தாளர் தாமாகவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இதில் கருத்துச் சுதந்திரத்துக்கு என்ன கேடு வந்தது என்று கேட்கிறார். நடந்ததைத் தெரியாத ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால் பொறுமையாக விளக்கிச் சொல்லலாம். கட்டுரையாளருக்குத் தேதி உட்பட எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே கேட்கிறார் என்பதால்தான் இந்த எதிர்வினையை எழுதுகிறேன்.

அவர் தாண்டிப்போன நாட்களிலிருந்து தொடங்குகிறேன். 2014 டிசம்பர் 26 அன்று திருச்செங்கோட்டில் நாவலின் பிரதிகள் எரிக்கப்பட்டன. 2015 ஜனவரி 9 அன்று ஊர் முழுக்கக் கடையடைப்பு. இடைப்பட்ட நாட்களில் பெருமாள்முருகனுக்கு வந்த தொலைபேசி மிரட்டல்களுக்குக் கணக்கில்லை. குடும்பத்தோடு கொஞ்ச நாள் வெளியூர் போய் இருங்கள் என்று காவல்துறையே அவருக்கு யோசனை சொன்னது. புத்தகத்தை எரித்தவர்களை வெளியூர் போகச் சொல்லவில்லை, எழுதியவரைப் போகச் சொன்னது. கட்டுரையாளர் சொல்லும் ‘தாமாகவே’ என்ற சொல்லை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம். மாவட்ட வருவாய் அலுவலர் தலைமை. ஊர் அமைதிக்காக மனம் வருந்துவதாக எழுதித்தர பெருமாள்முருகன் தயாராகத்தான் போயிருந்தார். வருத்தம் போதாது, நிபந்தனையற்ற மன்னிப்பு என்றே எழுத வேண்டும் என்றார்கள். அப்படியே எழுதி வாங்கினார்கள். சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்க வேண்டும், விற்காமல் இருக்கும் பிரதிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பவையும் சேர்ந்துகொண்டன. எதிர்த்தரப்பு விட்டுக்கொடுத்தது என்ன? போராட்டத்தைக் கைவிடுவது. இனி எரிக்க மாட்டோம், மறிக்க மாட்டோம், மிரட்ட மாட்டோம் என்பது. சட்டப்படி செய்யவே கூடாத காரியத்தைச் செய்யாமல் இருப்பதற்கு விலையாக ஓர் எழுத்தாளரின் நாவலைக் கேட்டார்கள். அரசு அதிகாரி நடுவில் உட்கார்ந்து அந்த விலையை வாங்கிக் கொடுத்தார். கழுத்தில் கத்தி வைத்து எழுதி வாங்கிய பத்திரத்தைக் கிரயப் பத்திரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கட்டுரையாளர் சொல்கிறார்.

மறுநாள் தன் முகநூல் பக்கத்தில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான், இனி பெ. முருகன் என்ற ஆசிரியன் மட்டுமே உயிரோடு இருப்பான் என்ற பொருளில் அவர் எழுதினார். தன் புத்தகங்களை விற்க வேண்டாம் என்று பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார், நட்டத்தைத் தாமே ஈடுகட்டுவதாகவும் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கொங்கு மண்ணின் மேட்டுக்காட்டையும் ஆடுமாடுகளையும் கிணற்றையும் வட்டார வழக்கையும் தமிழுக்குள் கொண்டுவந்த மனிதர், அகராதி தொகுத்த மனிதர், ஒரே இரவில் தன் எல்லா நூல்களையும் விலக்கிக்கொண்டார். இதைத் தடை இல்லை என்று சொல்ல எவ்வளவு கல்நெஞ்சம் வேண்டும்! அரசாணை போட்டிருந்தால்கூட ஒரு நூலோடு முடிந்திருக்கும். அரசாணைக்கு எதிராக நீதிமன்றம் போகலாம். ‘சமாதானம்’ என்று பெயர் சூட்டிவிட்டால் எதிர்த்து வழக்குப் போடவும் ஆணை ஒன்று கையில் இருக்காது. தடையைவிடக் கொடிய தடை இது.

சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே பார்த்தது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் தொடுத்த வழக்கில், 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அந்த ஜனவரி 12 உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. எழுத்தாளர் மீது குற்ற வழக்குத் தொடர வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. புத்தகம் பிடிக்காதவர் அதை மூடி வைத்துவிடலாம், படித்தே தீரவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்றது. எழுத்தாளர் மீண்டெழுந்து எழுதட்டும் என்று முடித்தது. இந்தத் தீர்ப்பைக் கட்டுரையாளர் ஒரே வாக்கியத்தில் கடந்து போகிறார். தன் வாதத்தின் அடித்தளத்தையே தகர்த்த தீர்ப்புக்கு அவர் கொடுக்கும் இடம் அவ்வளவுதான்.

அடுத்த வாதம் மனம் புண்பட்டது என்பது. நாவல் 2010இல் வந்தது. நான்கு ஆண்டுகள் தமிழில் கடைகளில் கிடந்தது. மறுபதிப்பு வந்தது, மதிப்புரைகள் வந்தன, திருச்செங்கோட்டுக்காரர்களும் படித்தார்கள். யார் மனமும் புண்படவில்லை. 2013இல் அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்தது. அதற்கும் அடுத்த ஆண்டின் கடைசியில்தான் ஊர் திடீரென்று கொதித்தது. எப்படிக் கொதித்தது? நாவலின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊருக்குள் விநியோகித்தார்கள். காளியும் பொன்னாவும் யார், குழந்தை இல்லாத அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஊரும் உறவும் அவர்களை என்னவெல்லாம் சொல்லிக் குத்தினார்கள், விதைப்பு முதல் விசேஷம் வரை எதிலிருந்தெல்லாம் பொன்னாவை ஒதுக்கி வைத்தார்கள், அவள் மேல் அவன் எவ்வளவு ஆசை வைத்திருந்தான் என்பதெல்லாம் அந்த நகல்களில் இல்லை. பிள்ளையில்லாத பெண் வேற்று ஆணோடு கூடிப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்ற வழக்கம் சொல்லப்படும், தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவு மட்டும் இருந்தது. புண் தானாக வரவில்லை, கீறி உண்டாக்கினார்கள். அதற்கான பொறுப்பைக் கீறியவர்கள் ஏற்க வேண்டும். எழுதியவர் தலையில் அதைக் கட்டுகிறார் கட்டுரையாளர்.

எங்கள் ஊர்ப் பெண்களைக் கேவலப்படுத்திவிட்டார் என்பது அவர் எடுத்துக்காட்டும் பெரிய குற்றச்சாட்டு. முழு நாவலையும் படித்த எவரும் இதைச் சொல்ல முடியாது. பிள்ளை இல்லை என்பதற்காக ஒரு பெண்ணை ஊரே கேவலப்படுத்துவதைத்தான் அந்த நாவல் பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. பொன்னாவை வாழவிடாத வாய்கள் பற்றி ஒரு சொல் பேசாதவர்கள், அவளைப் பற்றி எழுதியவரிடம் பெண்ணின் மானத்துக்காகச் சண்டைக்கு வந்தார்கள். வியாசர் வழியாகப் பிள்ளை பெற்ற அம்பிகையையும் அம்பாலிகையையும், தேவர்கள் வழியாகப் பெற்ற குந்தியையும் கோயில் திண்ணையில் கதையாகக் கேட்டு வளர்ந்த சமூகம் நாம். ‘வரலாற்று ஆதாரம் எங்கே’ என்று அவர் கேட்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. நாவலுக்கு யாரும் கல்வெட்டு கேட்பதில்லை. வழக்கம் இருந்ததா இல்லையா என்று ஆய்வாளர்கள் எழுதிச் சண்டை போடட்டும், அதற்குத்தான் பத்திரிகைகள் இருக்கின்றன.

சட்டமும் தன் பக்கம் என்கிறார். எந்தச் சட்டம்? அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு, இரண்டாம் உட்பிரிவு, பேச்சுரிமைக்கு விதிக்கக்கூடிய கட்டுப்பாடுகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. நாட்டின் இறையாண்மை, அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். மனம் புண்படுதல் அதில் இல்லை. ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்கூட 1950இல் அங்கே கிடையாது. அது வந்த கதையில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழைச் சென்னை மாகாண அரசு உள்ளே விடாமல் தடுத்தது. உச்ச நீதிமன்றம் 1950 மே மாதம் அந்தத் தடையை ரத்து செய்தது. அதன் பிறகுதான் 1951இல் முதல் சட்டத்திருத்தம் வந்தது, பொது ஒழுங்கும் பட்டியலில் ஏறியது. அப்போதும் நியாயமான கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஏறியது. அந்தப் பொது ஒழுங்கைக் குலைத்தது யார்? கடையை அடைக்க வைத்தவர்களா, வீட்டில் உட்கார்ந்து எழுதியவரா?

மத உணர்வைப் புண்படுத்துவது குற்றம் என்னும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவைக் கட்டுரையாளர் பெரிய ஆயுதமாக நீட்டுகிறார். அதன் பிறப்பையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். லாகூரில் வெளிவந்த ஒரு சிறு நூலின் பதிப்பாளரை உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததால் எழுந்த கொந்தளிப்பை அடக்க, 1927இல் வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த பிரிவு அது. அந்த மசோதா விவாதத்திலேயே ஜின்னா எழுந்து, நேர்மையான வரலாற்று ஆய்வுக்கும் மதம் பற்றிய நேர்மையான விமர்சனத்துக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று எச்சரித்தார். வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு அவமதித்தால்தான் குற்றம் என்ற வரம்பு அதில் உண்டு. அந்த வரம்பைச் சொல்லித்தான் 1957இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லும் என்றது. சட்டம் வந்ததால் லாகூரில் அமைதி வந்ததா? இரண்டே ஆண்டுகளில், 1929இல், அந்தப் பதிப்பாளரைக் குத்திக் கொன்றார்கள். புண்பட்டவர்களுக்குச் சட்டத்தைப் பரிசாகக் கொடுத்தால் அவர்கள் அடங்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது.

இனி அவருடைய வாதங்களிலேயே வலுவானதற்கு வருகிறேன். இரட்டை வேடம் என்கிறார். இந்துக்கள் புண்பட்டால் கருத்துச் சுதந்திரம், மற்றவர்கள் புண்பட்டால் ‘அரசியல்சரி’. நீங்கள் வேண்டும்போது தடை கேட்கிறீர்கள், வேண்டாதபோது சுதந்திரம் பேசுகிறீர்கள் என்கிறார்.

தடை கேட்டவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருந்தார்கள் என்பது உண்மை. 2012 மே மாதம் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்த சங்கரின் கேலிச்சித்திரம் நாடாளுமன்றத்தில் பிரச்சினையானது. 1949இல் வரைந்த சித்திரம் அது. நத்தை மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருப்பார், பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். அதை மக்களவையில் எழுப்பியவர் தொல். திருமாவளவன். வகுப்பறையில் அந்தப் படத்தைப் பார்த்துக் கூசிப்போன தலித் மாணவரின் வலி உண்மையானது. அதைப் பற்றி எழுதியதும் கேள்வி கேட்டதும் நியாயமானவை. மத்திய அரசு மன்னிப்புக் கேட்டுப் பாடநூலைத் திரும்பப் பெற்றது தவறு. ஆலோசகராக இருந்த சுகாஸ் பல்ஷிகரின் புனே அலுவலகத்தை அடித்து நொறுக்கியது குற்றம். அடுத்த மாதமே, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய ஆர்.கே. லட்சுமணன் சித்திரத்தை நீக்கச் சொல்லி நம் ஊர்த் தலைவர்கள் கட்சி வேறுபாடில்லாமல் குரல் கொடுத்தார்களே, அதுவும் தவறு. மொழிப்போரில் தீக்குளித்தவர்களின் தியாகம் ஒரு கேலிச்சித்திரத்தால் குறைந்துபோகிற அளவுக்குச் சிறியது இல்லை.

2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்துக்கு என்ன நடந்தது? முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன, மாவட்ட ஆட்சியர்கள் 144 தடையுத்தரவு போட்டார்கள், தனி நீதிபதி நீக்கிய தடையை மறுநாளே அமர்வு திரும்பக் கொண்டுவந்தது. கடைசியில் அதிகாரிகள் முன்னிலையில் முத்தரப்புப் பேச்சு, சில காட்சிகளில் ஒலிநீக்கம், பிப்ரவரி 7இல் படம் வெளியீடு. இரண்டு வருடம் கழித்து நாமக்கல்லில் நடந்ததற்கு ஒத்திகை அங்கேயே நடந்துவிட்டது. அதே மேசை, அதே ‘அமைதி’, அதே கையெழுத்து. அன்று ‘சிறுபான்மையினர் உணர்வு’ என்று வாய்மூடி இருந்தவர்களைக் கட்டுரையாளர் திட்டினால் நானும் சேர்ந்து திட்டுகிறேன். தக்கலையில் கவிஞர் ஹெச்.ஜி. ரசூலை 2007இல் ஜமாத் ஊர்விலக்கம் செய்ததைக் கண்டித்து எழுதியவர்களும் பேசியவர்களும் இருந்தார்கள் என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். 1988இல் ‘சாத்தானின் வசனங்கள்’ நூல் இறக்குமதிக்குத் தடை போட்ட மத்திய அரசு அந்த அறிவிக்கையின் நகலை 2024இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் காட்ட முடியாமல் நின்றது. முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு நாடு, கண்டுபிடிக்க முடியாத காகிதத்துக்குப் பயந்து ஒரு நாவலைப் படிக்காமல் இருந்திருக்கிறது.

ஆனால் இவற்றிலிருந்து கட்டுரையாளர் வந்து சேரும் முடிவு என்ன? அவர்களுக்குத் தடை கிடைத்தது, எங்களுக்கும் கொடு என்பது. அந்தத் தடைகள் தவறு என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. மற்றவர்களின் அநியாயத்தில் தனக்கும் பங்கு கேட்பவர் இரட்டை வேடத்தைப் பற்றிப் பேசத் தகுதி இல்லாதவர்.

‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தை அவர் மறந்துவிட்டார், அல்லது வசதியாக விட்டுவிட்டார். உயர்சாதிப் பெண் ஒருத்தி கருப்பாயி என்று பேரை மாற்றி, பொய்ச் சாதிச் சான்றிதழ் வாங்கி அதிகாரியாகிறாள் என்பது கதை. இட ஒதுக்கீட்டைத் தாக்கும் படம். அதன் வாதம் அநியாயமானது என்று அன்றும் இன்றும் நினைக்கிறேன். பல தலைமுறையாகப் பள்ளி வாசலைப் பார்க்காத வீடுகளிலிருந்து முதல் ஆள் கல்லூரிக்குப் போனது எதனால் என்று அந்தப் படத்துக்குத் தெரியாது. படத்தை எதிர்த்துத் தமிழ்நாடு கொதித்தது. தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. படம் ஓடினால் சட்டம் ஒழுங்கு கெடும் என்று மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 1989 மார்ச் 30 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை அடக்கினால் அது மிரட்டலுக்குப் பணிவதாகும், சட்டத்தின் ஆட்சியையே மறுப்பதாகும் என்றது. கும்பலை அடக்குவது அரசின் கடமை, முடியவில்லை என்று கைவிரிக்க அதற்கு உரிமையில்லை என்றது.

எஸ். ரங்கராஜன் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். இந்தியாவில் எழுத்தாளருக்கும் கலைஞருக்கும் இன்றுவரை அரணாக நிற்கும் தீர்ப்பு அது. சமூக நீதி பேசுகிறவர்கள் வெறுத்த ஒரு படத்துக்காக வந்த தீர்ப்பு. அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். எனக்குப் பிடிக்காத படத்துக்குக் கிடைத்த உரிமை எனக்குப் பிடித்த நாவலுக்கும் வேண்டும் என்கிறேன். கட்டுரையாளர் தனக்குப் பிடிக்காத நாவலுக்கு அந்த உரிமையைத் தரத் தயாரா? பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

‘அரசியல்சரி’ பற்றி அவர் புலம்புவதில் ஒரு பெரிய கலப்படம் இருக்கிறது. பழைய நகைச்சுவைக் காட்சிகளில் கறுப்பு நிறத்தை, திக்குவாயை, திருநங்கைகளைக் கேலி செய்ததை இன்று இளைஞர்கள் கண்டித்து எழுதுகிறார்கள். அதுவும் தடைதான், அதுவும் வாயடைப்புதான் என்கிறார். கண்டித்து எழுதுவது பேச்சு. உங்கள் நகைச்சுவை மனிதரை நோகடிக்கிறது என்று ஒரு திருநங்கை எழுதினால், இயக்குநர் அதை ஏற்கலாம், மறுக்கலாம், அதே காட்சியை மறுபடி எடுக்கவும் செய்யலாம். வருவாய் அலுவலர் அவரை அழைத்து எழுதி வாங்கப் போவதில்லை. பெருமாள்முருகனைக் கண்டித்து ஆயிரம் கட்டுரை வந்திருந்தாலும் யாரும் அதைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கடுமையான விமர்சனத்தையும் கடையடைப்பையும் ஒரே தட்டில் வைப்பது, விமர்சிக்கிறவர்களையும் சேர்த்து வாயடைக்கும் வழி. இளைஞர்களிலும் சிலர் கைது கேட்டுக் கூச்சல் போடுவது உண்டு, அப்போது அவர்களையும் எதிர்க்க வேண்டியதுதான். 2015இல் மதுக்கடைகளை எதிர்த்துப் பாடிய கோவனைத் தேசத்துரோக வழக்கில் பிடித்தவர்களும், 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பு பற்றி வரைந்ததற்காகக் கார்ட்டூனிஸ்ட் பாலாவைப் பிடித்தவர்களும், ‘அவமதிப்பு’, ‘அமைதி’ போன்ற இதே சொற்களைத்தான் பயன்படுத்தினார்கள். எல்லை வேண்டும் என்று எழுதுகிறவர் அந்தக் கோட்டை யார் கையில் கொடுக்கிறோம் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாதம் வைத்திருக்கிறார், என்னைக் கொதிக்க வைத்தது அதுதான். பெருமாள்முருகனுக்கு எந்த இழப்பும் இல்லையாம். மீண்டும் எழுதினார், ‘பூனாச்சி’ வந்தது, பல மொழிகளுக்குப் போனார், விருதுகள் வாங்கினார், சர்ச்சை அவருக்கு விளம்பரமாயிற்றாம். அந்த ஒன்றரை ஆண்டை நினைத்துப் பாருங்கள். வேலை பார்த்த நாமக்கல் கல்லூரியை விட்டுச் சென்னைக்கு மாற்றல் கேட்டுப் போக வேண்டியிருந்தது. தன் மண்ணையே எழுதிய ஒருவர் அந்த மண்ணில் குடியிருக்க முடியாமல் போவதை விளம்பரம் என்கிறாரா? அந்தக் காலத்தில் யாருக்கும் காட்டாமல் எழுதிய கவிதைகள் பின்னால் ‘கோழையின் பாடல்கள்’ என்ற பெயரில் வந்தன. அந்தப் பெயரில் இருக்கும் வேதனைகூட எட்டாத மனத்தோடு ஒருவர் இலக்கியம் பற்றி எழுதுகிறார்.

பெருமாள்முருகனுக்காவது பெரிய பதிப்பகம் இருந்தது, ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தது, வழக்குத் தொடுக்க எழுத்தாளர் சங்கம் இருந்தது, டெல்லி முதல் லண்டன் வரை எழுதப் பத்திரிகைகள் இருந்தன. நாமக்கல் கூட்டம் முடிந்த அடுத்த மாதமே, பக்கத்து மாவட்டமான கரூரில், புலியூர் முருகேசன் தன் சிறுகதைத் தொகுப்புக்காக அடிபட்டார். சாதிப் பெருமை புண்பட்டது என்பதுதான் அங்கும் காரணம். அடித்தவர்களைத் தேடியதோடு அடிவாங்கியவர் மீதும் காவல்துறை வழக்குப் போட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில் துரை.குணா ‘ஊரார் வரைந்த ஓவியம்’ எழுதியதற்காகக் குடும்பத்தோடு ஒதுக்கிவைக்கப்பட்டார். தன் ஊர் தலித்துகளை எப்படி நடத்துகிறது என்று எழுதிய தலித் எழுத்தாளர் அவர். இவர்களுக்கு உலக விருது கிடைக்கவில்லை. நாமக்கல்லில் கையெழுத்து வாங்கப்பட்டதைப் பார்த்து, இங்கும் செய்யலாம் என்று கற்றுக்கொண்ட கைகள்தான் கரூரில் ஓங்கின என்று நான் நினைக்கிறேன். யாருக்கும் எந்த இழப்பும் இல்லை என்று எழுதும் கட்டுரையாளரின் கட்டுரையில் இந்த இரண்டு பெயர்களும் இல்லை. அடுத்த இதழில் பதில் எழுதுவதாக இருந்தால் இவர்களிடமிருந்து தொடங்கட்டும்.